ஒரு பரோட்டா ஆறு பாயிண்ட்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆளே இல்லை. எங்கள் கடைப் பரோட்டாக் கல் சும்மா காய்கிறது. நேற்று கோட்டயம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை எழுத நேரம் கிடைத்தது.

தம்பி பாண்டீஸ்வரனுக்கு என் கிட்னி பொருந்துகிறதாம்! ஆனால் டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எண்பத்திரண்டு. எட்டுக் கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன். ரத்தம் ஒத்துப்போகிறது, கொழுப்புதான் தடுக்கிறது.

அங்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் பின்சி என்ற பெண், என் போனில் கணக்குப் போடும் ஆப் ஒன்றை ஏற்றிவிட்டாள். தின்கிற எல்லாவற்றுக்கும் பாயிண்ட். நாளுக்கு இருபத்து மூன்று. ஒரு பரோட்டா ஆறு. நானோ நாலு தின்றால்தான் காலைப் பசி அடங்குகிறவள்.

ஜூன் 4

பதினொரு மணிக்கே இருபத்து மூன்றும் தீர்ந்தது. அப்புறம் நாள் முழுக்க வெள்ளரிக்காய்.

ஜூன் 19

அவித்த முட்டைக்குப் பாயிண்டே கிடையாதாம்! பயறுக்கும்! இதை முதலிலேயே சொன்னால் என்ன? இரண்டரைக் கிலோ போயிற்று.

ஜூலை 22

மூன்று வாரமாக எழுபத்தொன்பதிலேயே நிற்கிறது. ஒன்றும் திருடித் தின்னவில்லையே. பின்சிக்குப் போன் போட்டேன்.

"சேச்சிக்கு கடையில என்ன ஜோலி?"

"சால்னா நான்தான் வைக்கேன்."

"ருசி நோக்குமோ?"

"பாக்காம? நாலு வாட்டி, அஞ்சு வாட்டி..."

"அதுக்கும் பாயிண்ட் உண்டு சேச்சி."

கரண்டியிலேயே தினமும் ஒன்பது பாயிண்ட் போயிருக்கிறது!

ஜூலை 24

இனி ருசி பார்ப்பது என் வீட்டுக்காரர் சுடலை. உப்பு சரியா என்று கேட்டால், "இன்னொரு கரண்டி ஊத்து, பிடிபடல" என்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாலு பரோட்டா. எழுதாமல் விட்டால் யாரை ஏமாற்ற?

டயாலிசிஸ் முடிந்து தம்பி கடைக்கு வந்தான். இரண்டே படி. ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டான். "நீ பட்டினி கெடந்து எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்க்கா. ஒனக்கும் பிள்ளைய இருக்கு"ன்னுட்டுப் போயிட்டான்.

என்னால முடியலடா. பசிக்குதுடா. அழுதுக்கிட்டே தின்னேன். இருபத்து நாலு பாயிண்ட் — சால்னா தனி.

ஆகஸ்ட் 18

விடிந்ததும் எஸ்டேட் லயத்தில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். "வேண்டாம்னு சொல்ல நீ யாருல? கிட்னி என்னுது!" என்றேன். முறைத்துப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அவன் பெண்டாட்டி ராமலட்சுமி ஒரு கிண்ணம் அவித்த பயறு தந்தாள்.

செப்டம்பர் 30

நான் எழுபத்தைந்தரை. சுடலை மூன்று கிலோ ஏறியிருக்கிறார். "குடும்பத்து எடை வெளிய போகலாமாட்டி?" என்கிறார்.

அக்டோபர் 28

எழுபத்து மூன்று எண்ணூறு. டாக்டர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேதி குறித்தார்.

நவம்பர் 21, வெள்ளி. கோட்டயம்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இருமினால் விலாவில் வெட்டி இழுக்கிறது.

காலையில் சுடலை ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு உயிரே போய்விட்டது.

"பூமாரி, தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான்! ஒன் கிட்னி வேலை செய்யுது! பை நெறஞ்சு மாத்தியிருக்காங்களாம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சிரித்ததில் தையல் வலித்தது. எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டு லிட்டராம்.

மத்தியானம் மறுபடி கேட்டேன். மூன்று லிட்டராம்.