கடலுக்கு அடியில் ஒரு கூரை

அன்புள்ள அப்பா,

இத்தனை வருடமும் நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள். நார்வேயில் நீங்கள் மேற்பார்வையாளராக இருந்ததே இல்லை.

இங்கே நார்வேயில் எங்கள் கட்டுமான வகுப்பை இரண்டு நாள் பயணமாக, கடலுக்கு அடியில் வேலை நடக்கும் ஒரு சுரங்கப்பாதைக்கு அழைத்துப் போனார்கள். மதியம் தொழிலாளர்களுடன் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைப் பிரித்தோம். நார்வேக்காரர்களுக்கு நடு மேசை, ஏஜென்சி மூலம் வந்த வெளிநாட்டு ஆட்களுக்குக் கதவோரம். கதவோரம் நம் லிதுவேனிய மொழி கேட்டது. நானும் அங்கே போனேன். குடும்பப் பெயரைச் சொன்னதும் விட்மான்டாஸ் என்பவர் சிரித்தார்.

"அட, ரிமாஸ் பொண்ணா நீ? உங்கப்பனும் நானும்தான் குழாயைப் பிடிச்சு இந்தச் சுரங்கக் கூரைக்குக் காங்கிரீட் பீய்ச்சி அடிச்சோம். மூஞ்சி கழுவினாத்தான் யார் அவன், யார் நான்னு தெரியும்."

பிறகு உள்ளே போனோம். வழிகாட்டி மேலே கைகாட்டி, "முழுக்க நம்ம நார்வே ஆளுங்க உழைப்பு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லை. இந்தக் கூரைக்குக் காங்கிரீட் அடிச்சது எங்கப்பா. லிதுவேனியாக்காரர்."

என் வகுப்புத் தோழன் சின்ட்ரே, "அப்போ இடிஞ்சு விழுந்தா உங்கப்பாவைத்தான் கேக்கணுமா?" என்றான்.

"தாராளமா கேளு. ஆனா விழாது."

அப்பா, நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதே இல்லை. மேற்பார்வையாளரின் மகளாக இருந்திருந்தால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

ஜூனில் என் பட்டமளிப்புக்கு வாருங்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், உள்ளதை நீங்களே சொல்ல வேண்டும். நேற்று போனில் இதைத்தான் கேட்டேன். நீங்களோ பேச்சை மாற்றி, ஊரில் உருளைக்கிழங்கு நட்டதைப் பற்றிப் பேசினீர்கள். திரும்பவும் கேட்கிறேன்: சொல்வீர்களா?

உங்கள் மகள்