தலைவர் படம் திரையில் இருந்தவரை

சரகோசா, பிப்ரவரி 1940

என் எலாதியாவுக்கு,

உன் தம்பி ஃபெர்மின் இனி உனக்கு எழுத மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வந்திருந்தான். முடிவில் வழக்கம்போல ஆபரேட்டர் ரூமிலிருந்து நாட்டுத் தலைவரின் உருவப்படத்தைத் திரையில் போட்டேன். அது இருக்கும்வரை எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டி நிற்க வேண்டுமே, இவன் இடது கையை நீட்டினான்.

தலைவர் கட்சியின் நீலச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள்.

"என்னடா, நக்கலா?"

"வலது தோள்ல குண்டு கிடக்குண்ணே, தூக்க வராது. உள்நாட்டுப் போர்ல உங்க பக்கம் நின்னு வாங்குன குண்டுதான்."

"நாங்க தூக்கி விடுறோம்."

முறுக்கித் தூக்கினார்கள். எலும்பு முறிந்தது மேலே எனக்கே கேட்டது. விழுந்தவனைத் தலையிலேயே மிதித்தார்கள். சுற்றி முந்நூறு பேர். ஒருவரும் நீட்டிய கையை இறக்கவில்லை. படம் இருக்கும்போது இறக்கினால் அடுத்த மிதி அவர்களுக்கு.

வரும்போது கறுப்பு உடையை எடுத்துக்கொண்டு வா. வந்து ஊர்க்காரர்களைத் திட்டாதே. படத்தை நான் எடுத்திருந்தால் முந்நூறு கையும் இறங்கியிருக்கும்.

அவன் அசைவது நிற்கும்வரை நான் எடுக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்