இரண்டு பாஸ் கிட்டாரும் ஒரே சத்தம்

நவம்பர் 13, வியாழன்

விடாத மழை. கம்பெனி பஸ் தேர்வாய் கண்டிகை வரும்போதே லேட். பிரஸ் லைனில் நாள் முழுக்கத் தகடு அடிக்கிற இரைச்சல். சாயங்காலம் பாஸ்டர் கூப்பிட்டார். சபையின் பழைய பாஸ் கிட்டார் கழுத்து வளைந்துபோச்சு, கிறிஸ்துமஸுக்குள் புதுசு வேணும்.

"வாசிக்கிறவன் நீ. நீயே போய்ப் பாத்து நல்லதா எட்த்துக்கினு வா. டப்பு பத்தி ரோசன பண்ணாத."

தலைகால் புரியவில்லை எனக்கு. இத்தனை வருஷம் வாசித்ததற்கு ஒரு மரியாதை.

வாங்க வேண்டியது: பால், செல்விக்குத் தைல பாட்டில், குடை ரிப்பேர்.

நவ. 15, சனி

கவரைப்பேட்டையில் லோக்கல் பிடித்துப் பட்டணம். கூட மச்சான் டேனி, என் மனைவி செல்வியின் தம்பி. சபையில் கீபோர்டு அவன்தான். கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று சாதா. இன்னொன்று யானை விலை. ஒரே ஆம்ப், ஒரே பாட்டு, மாற்றி மாற்றி வாசித்தேன்.

ஒரு வித்தியாசமும் இல்லை. தும் தும்.

டேனி மூஞ்சியைச் சுளித்தான். "மாமா, சாதாவுல கம்பி கரகரங்குது பாரு. அத்த வச்சிரு. இது இன்னா சுத்தமா கீது!"

கரகரவா? திரும்ப வாசித்தேன். குனிந்து காதைக் கிட்டே வைத்தேன். ஒன்றும் இல்லை.

"ஆமாண்டா, கேக்குது" என்றேன்.

திங்கட்கிழமை வந்து எடுத்துக்கிறோம் என்று கிளம்பிவிட்டோம்.

நவ. 16, ஞாயிறு

தலைவலி என்று பொய். ஆராதனைக்குப் போகவில்லை.

கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட். ஹெட்போனில் 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பொண்ணு பீப் விடும்போது கை அசையும், அதைப் பார்த்து நாங்கள் அமுக்குவோம். பிரஸ் லைன் மொத்தமும் இப்படித்தான் பாஸ். ஃபெயிலானால் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவான், ஓ.டி. கிடையாது. கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று கேன்டீனில் ஒரே சிரிப்பு.

நானும்தான் சிரித்தேன்.

நவ. 17, திங்கள்

மழை விட்டது. மதிய ஷிப்ட். காலையிலேயே டேனியோடு கடைக்கு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சாதாவை எடுத்தால் அது கரகரக்கும், சபை முழுக்கக் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. பாஸ்டர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் மேடையில் எனக்கு என்ன வேலை? யானை விலையே எடுத்தாச்சு. பயத்தில் எடுத்தது.

வீட்டில் பையைத் திறந்து பார்த்துவிட்டு செல்வி கேட்டாள்: "ரெண்டுல இதான் நல்லதுன்னு எப்டிங்க கண்டுபுட்ச்சீங்க?"

"டேனி மூஞ்சியப் பாத்து."

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கேட்டது. முழுசாகக் கேட்டதா, தெரியவில்லை.