வெறுங்கால்

பதிவு: திங்கள், காலை 8.00
மறுநிலை மருத்துவ வளையம், பூமிச் சுற்றுப்பாதை

வளையம் சீராகச் சுழல்கிறது. காற்றழுத்தம், வெப்பநிலை, நீர் இருப்பு ஆகியவை விதித்த எல்லைக்குள் உள்ளன. பணியில் இருப்பவர்: மெய்யப்பன், இயன்முறை மருத்துவர், வயது ஐம்பது. எஞ்சியுள்ள ஒரே நோயாளி: ரோஸ்லின் பர்னாந்து, வயது ஐம்பத்தெட்டு, சொந்த ஊர் தூத்துக்குடி, நிலவுச் சுரங்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் துளைப்பொறி இயக்கியவர்.

பின்னாளில் இதைப் படிக்க நேர்பவருக்காக ஒரு விளக்கம். நிலவில் நெடுங்காலம் வாழ்ந்தவரின் கால்கள் எடையை மறந்துவிடுகின்றன. வளையத்தின் சுழற்சி தரும் செயற்கை எடையில் அவர்களை மீண்டும் நிற்கப் பழக்குவது இங்குள்ள பணி. அதற்கு நான் கையாள்வது தாய்ச்சி என்னும் சீனத்து மெல்லசைவுப் பயிற்சி. ஒரு காலில் உள்ள எடையை மறு காலுக்கு, குடத்திலிருந்து குடத்துக்கு நீர் சாய்ப்பதுபோல, அவசரமின்றி மாற்றுவதே அதன் சாரம். கால்கள் தேறும்போது விழுந்துவிடுவோம் என்ற அச்சம் குறைகிறது. அச்சம் குறைய உறக்கம் கூடுகிறது. இவ்வளவையும் ஒருங்கே தரும் மருந்தை நான் கண்டதில்லை.

தேர்வு விதி: திருத்துக் காலணி அணிந்து, கண்களை மூடி, ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்க வேண்டும். மூன்று முறை தவறியவருக்குப் பூமி இல்லை; எஞ்சிய வாழ்நாள் நிலவில். ரோஸ்லின் அம்மா இருமுறை தவறிவிட்டார். மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை. அன்று மாலை கப்பல் வருகிறது.

பதிவு: திங்கள், முற்பகல் 10.40

பயிற்சி நடந்தது. எடையின் சாய்வைக் கோடாக வரையும் உணர்தளத்தின்மீது நோயாளி ஒருவர் மட்டுமே நிற்கலாம். பிறர் எடை அளவீட்டைக் கெடுக்கும். எனவே நான் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து ஒலிவாங்கியில் பேசுகிறேன். பேச்சு தானாகப் பதிவாகிறது. இன்றைய பதிவிலிருந்து:

"அம்மா, முழங்காலைத் தளர்த்துங்கள்."

"தளத்தித்தான் வச்சிருக்கேன் சார். இதுக்கு மேல தளத்துனா உக்காந்துருவேன்."

"இடப்பக்கம் சாய்கிறீர்கள்."

"நான் சாயல. இந்தச் செருப்பு தள்ளுது. எங்கூட்டுக்காரரு மாதிரி, நான் என்ன செஞ்சாலும் திருத்திக்கிட்டே கெடக்கு."

திருத்துக் காலணியின் அடிப்பாகத்தில் நுண்விசைப் பொறிகள் உண்டு. அணிந்தவர் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை மெல்ல உயர்த்தி நிமிர்த்தும். அவருடைய காலணியைச் சோதித்தேன். பழுது இல்லை. நோயாளியின் சோர்வே காரணம் எனக் குறித்தேன். என் சோர்வைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

பதிவு: செவ்வாய், முற்பகல் 11.15

விதிமீறல். நோயாளி காலணியின்றித் தளத்தில் நின்றார்.

"காலணி எங்கே?"

"கழட்டிட்டேன். நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க, 'வெறுங்காலை முன்வைத்து நிற்க'ன்னு? எழுதுன பொஸ்தகத்த எழுதுனவரே படிக்க மாட்டாரோ?"

நான் எழுதிய பயிற்சிக் கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. தாய்ச்சியில் எடை தாங்கும் காலை நிறைந்தது என்றும் மற்றதை வெறுமையானது என்றும் வழங்குவர். தமிழாக்கத்தில் நான் நிறைகால், வெறுங்கால் என்று இட்டேன். வெறுங்கால் என்றால் செருப்பில்லாத கால் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லாக்கத்தில் பல வாரங்கள் செலவிட்ட எனக்கு அது தோன்றவில்லை. இவ்வளவு காலமாக வேறெவரும் இதைக் கேட்கவில்லை. வேறெவரும் கையேட்டைப் படிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

காலணியை அணியச் செய்தேன். ஆயினும் தளத்தின் வரைகோடு என்னை உறுத்துகிறது. காலணியின்றி, கண்களை மூடி, ஒற்றைக் காலில் அவர் அசையாமல் நின்றிருக்கிறார். காலணி ஏறியதும் கோடு இடப்பக்கம் சரிகிறது. அளவீடு செல்லாது என்று குறித்தேன்.

பதிவு: புதன், காலை 9.30

செல்லாது என்று குறித்ததை மனம் ஏற்கவில்லை. நானே தளத்தில் ஏறினேன். காலணியுடன் நானும் இடப்பக்கம் சாய்கிறேன். உறை பிரிக்காத புதிய இணையை அணிந்தேன். அப்போதும் அதே பக்கம். கழற்றினேன், நேராக நிற்கிறேன்.

காலணிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. வளையத்தின் சாய்வுமானி சொல்வதை அது நம்புகிறது. வளையத்தைச் சமநிலையில் வைக்கும் நீர்த்தொட்டிகள் இரண்டும் அதே சாய்வுமானியைத்தான் நம்புகின்றன. தொட்டி அறைக்குச் சென்று பார்த்தேன். ஒன்று விளிம்புவரை நிறைந்திருந்தது. மற்றது ஏறத்தாழ வறண்டிருந்தது. பழுதான சாய்வுமானி காட்டிய, இல்லாத சாய்வைத் திருத்தத் திருத்த, உண்மையான சாய்வு வளர்ந்திருக்கிறது.

பழைய அளவீடுகளின்படி, கோளாறு தொடங்கியது அம்மாவின் முதல் தேர்வுக்கு முந்தைய வாரம். அவரை இருமுறை தவறச் செய்தது இந்த வளையம். தவறியவர் என்று கையொப்பமிட்டவன் நான்.

பதிவு: வியாழன், பிற்பகல் 2.00

சாய்வுமானியைத் துண்டித்தேன். தொட்டிகளுக்கு இடையிலுள்ள கைவால்வைத் திறந்தேன். அவசரப்பட்டேன், நீர் பாய்ந்து வளையம் குலுங்கியது. மூடிவிட்டு, காலணியைக் கழற்றி, தரையில் பாதங்களைப் பதித்தேன். மூச்சை விடும்போது சிறிது திறந்து, இழுக்கும்போது நிறுத்தினேன். நிறைந்ததிலிருந்து வெறுமைக்கு. ஆட்டம் அடங்கியது. வால்வை விட்டு அகன்றால் சிறிது நேரத்தில் மீண்டும் தொடங்குகிறது.

தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திடமிருந்து செய்தி: "காலணி இல்லாத தேர்வு செல்லாது. முந்தைய முடிவுகளை மாற்ற இயலாது. மாற்றுச் சாய்வுமானி அடுத்த கப்பலில்." அது நாளை வருவதல்ல; அதற்கு அடுத்தது, நான்கு மாதம் கழித்து.

விதியை மீண்டும் படித்தேன். காலணி அணிந்திருக்க வேண்டும் என்கிறது. அதன் அடிப்பாகத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. அறுவைக் கத்தியால் அதை வெட்டி எடுத்தேன்.

பதிவு: வெள்ளி, முற்பகல் 10.05

"சார், இது செருப்பா, கொலுசா?"

"காலணி. விதிப்படி."

"நீங்களா இது? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?"

"கண்களை மூடுங்கள், அம்மா."

அரை நிமிடம் கடந்தது. போதும் என்று நான் சொன்ன பின்னும் அவர் காலை இறக்கவில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது. வரைகோடு அசையவில்லை. தேர்ச்சி எனக் கையொப்பமிட்டேன்.

பதிவு: வெள்ளி, மாலை 5.50

கப்பலோட்டி சிராஜுதீனுடன் நடந்த உரையாடல்:

"டாக்டர், வளையம் ஆடுது. இப்படி ஆடுனா நான் வந்து ஒட்ட முடியாது. திரும்பிடுவேன்."

"பத்து நிமிடம் பொறுங்கள். ஆடாது."

வால்வின் அருகே வெறுங்காலோடு நின்றேன். மூச்சை எண்ணவில்லை, எண்ணினால் கை முந்துகிறது. ஆட்டம் நின்றது. கப்பல் வந்து பற்றியது. அதன் எடை ஒரு பக்கம் அழுத்த, மறு பக்கத்துக்கு நீரை விட்டுக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் எடமிருக்கு டாக்டர். ஏறுங்க."

"வால்வை விட்டால் வளையம் ஆடும். நீங்கள் விலகும் முன்பே பிடி முறியும். கப்பல் உடையும்."

பிறகு ரோஸ்லின் அம்மா, கப்பலின் வாயிலிலிருந்து: "சார், என்னைய நிக்கவச்சிட்டு இப்ப நீங்க நிக்கப்போறீங்களா? நான் பிடிக்கேன் அந்த வால்வ. நீங்க போங்க. பன்னெண்டு வருசம் மிசினு பிடிச்ச கை."

"நோயாளியைப் பணியில் அமர்த்த விதியில் இடமில்லை."

"உங்க விதியில தீய வைக்க."

"ஏறுங்கள், அம்மா. நீங்கள் தேறிவிட்டீர்கள்."

பிறகு: "சாப்புடுங்க சார். நேரத்துக்குச் சாப்புடுங்க."

கப்பல் விலகியது. இருவரும் நலம்.

பதிவு: சனி, காலை

கப்பல் விலகிய அதிர்வில் வால்வின் அடைப்பு கிழிந்திருக்கிறது. ஊசியளவு ஒழுக்கு என எண்ணி ஒரு மணி நேரம் உறங்கினேன். எழுந்தபோது தொட்டிகள் இரண்டும் வறண்டிருந்தன. நீர் முழுவதும் வெளிச்சுவரின் இடுக்குகளில் பனியாக உறைந்துவிட்டது. குடிநீர் தனித் தொட்டியில் உள்ளது. அதைத் தொடமாட்டேன்.

வளையம் ஆடுகிறது. மாற்றி வைக்க இனி எடை எதுவும் இல்லை.

என்னைத் தவிர.

பதிவு: ஞாயிறு என நினைக்கிறேன்

கண்டறிந்தது: வளையம் ஒரு பக்கம் தாழும்போது எதிர்ப்பக்கம் நடந்தால் ஆட்டம் சிறிது குறைகிறது. பெரிய ஊஞ்சலையும் காலம் பார்த்து ஒரு விரலால் தடுக்கலாம் அல்லவா. பயிற்சி எடைகளை வண்டியில் ஏற்றித் தள்ளுகிறேன். விரைந்து நடந்தால் பயனில்லை. மெதுவாக, முழங்கால் தளர்ந்து, எடையை ஊற்றிக்கொண்டு நடக்க வேண்டும்.

நின்றால் ஆட்டம் வளர்கிறது. உட்கார்ந்தாலும் வளர்கிறது. ஆட்டம் எல்லை மீறினால் வளையத்தின் இணைப்புகள் தாங்கா. நிற்பது, உட்காருவது, இப்படி எழுதுவது ஆகிய அனைத்தையும் சேர்த்து எனக்குக் கிடைப்பது ஒரு சிறிய இடைவேளை. அதற்குள் உறங்குகிறேன். தரை எழும்பிப் பாதத்தைத் தள்ளும்போது விழிக்கிறேன்.

தரைநிலையத்திடம் கூறினேன். நான்கு மாதத்தை மூன்றாகக் குறைக்க முயல்வதாகப் பதில் வந்தது.

பதிவு

தூத்துக்குடியிலிருந்து குரல்செய்தி வந்தது. நடந்துகொண்டே கேட்டேன்.

"சார், ரோஸ்லின் பேசுதேன். கடக்கர மணல்ல நிக்கேன். வெறுங்காலுதான், நீங்க எழுதுன மாதிரி. ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்கேன், போறவன் வாறவன்லாம் கொக்குன்னு நெனைக்கான். விழல சார். கேக்கா உங்களுக்கு? விழல. சாப்புட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று பதில் அனுப்பினேன். அது பொய். இப்பதிவேட்டில் உள்ள ஒரே பொய்.

பதிவு

எந்தக் கால் நிறைகால் என்று சில சமயம் தெரியவில்லை. கால்களுக்குத் தெரிகிறது. உறங்கிக்கொண்டே நடந்திருக்கிறேன், விழித்தபோது வளையத்தின் மறு பக்கத்தில் இருந்தேன், வண்டியும் என்னுடன் இருந்தது. ஆட்டம் குறைந்திருந்தது. அச்சம் இல்லை. பயிற்சியின் பயன்களுள் ஒன்றாக இதனையும் சேர்க்கலாம்.

பதிவு

வருபவர் கவனத்திற்கு. வளையத்துக்கான புதிய விதிகள்.

வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். விரைந்து நடக்க வேண்டாம். உரத்து அழைக்க வேண்டாம்.

உள்ளே ஒருவர் மிக மெதுவாக நடந்துகொண்டிருப்பார். அவர் கண்கள் மூடியிருக்கலாம். அவரைத் தொட்டு நிறுத்த வேண்டாம். முதலில் அவருக்கு எதிர்ப்பக்கம் சென்று நில்லுங்கள். தரை உங்கள் பாதத்தில் எழும்பும்வரை காத்திருங்கள். பிறகு மூச்சை விட்டு, எடையை... தரை எழும்புகிறது.