வலக்கையில் வைத்த வெற்றிலை

போளூர் (கொடைக்கானல் மலை),
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தேவசேனாவுக்கு அம்மா எழுதுவது.

அம்மாவுக்குக் கடிதம்கூட எழுத வருமா என்று பெங்களூரில் உட்கார்ந்து சிரிப்பாய். சிரித்துக்கொள். போன் என் கையில் இல்லை. ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று செல்வம் வாங்கிக்கொண்டான். உன் அத்தை மகனுக்கு ஜீப் ஓட்டத் தெரியும்; போன் ரிப்பேரும் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அந்தப் போனில் ஒரு கோளாறும் இல்லை.

இங்கே பனி கடுமையாக இருக்கிறது. விடிந்து பார்த்தால் வயல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது, பூண்டு எப்படியோ தாங்கிக்கொண்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. விரல்கள் உள்ளே மடங்கி, பிரிக்கவே வராது. நீ சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. கிழமை ஏழையும் வரிசையாகச் சொல்கிறார். பஜனைப் பாட்டை நான் எடுத்துக் கொடுத்தால் முழுசாகப் பாடிவிடுகிறார். ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் என்று கேட்க வாய் வராது. நீ மூன்று வாரம் கூட இருந்து வரவைத்தாயே, 'சரி', அது ஒன்றுதான் அவர் சொல்லும் சொல். அதை நீ முதன்முதலாகக் கேட்ட அன்று நான் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். நல்லுசாமிக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று ஊரே நம்பியது.

பக்கவாதம் வந்தவர்களின் பேச்சைத் திரும்பக் கொண்டுவரத்தானே உங்கள் ஆராய்ச்சி. நீதான் சொன்னாய்: அவருக்கு எல்லாம் புரியும், ஆனால் வேண்டாம் என்று மனசு நினைத்தாலும் வாய் சரி என்று சொல்லிவிடும், கொஞ்ச காலத்துக்கு அந்த வாயை நம்பாதே என்று. உனக்கும் எனக்கும் இது தெரியும். ஊருக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அடுக்கம் கிராமத்திலிருந்து உன் அத்தை பாப்பம்மாள் வந்தாள். செல்வம் கூட வந்தான். தம்பியைப் பார்க்க வந்தவள் கையில் தாம்பாளம் எதற்கு என்று யோசிக்கும்போதே, ஊர்ப் பெரியவர் ஞானவேலும் பின்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்தார். அத்தை உன் அப்பாவின் முன்னால் குனிந்து, உன்னைச் செல்வத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாள். அவர் சரி என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், இது சம்மதம் இல்லை, இது நோய் என்று. நீ விளக்கியதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். ஞானவேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்ப நல்லுசாமி வாயில பொய் வருதுங்கிறியா தாயி?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்பா பக்கம் திரும்பி, பூண்டு வயலை அத்தனை பேருக்கும் சும்மா எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். சரி என்றார். தேவசேனாவைக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்றேன். சரி என்றார். கடைசியாக, "நீங்க செத்துப் போயிட்டீங்களா?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு அதற்கும் சரி என்றார். இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும் சொல். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிய புருஷனை இப்படிக் கேட்கிற ஒரு ராட்சசி. என் நாக்கு அழுகும் என்றாள் உன் அத்தை.

வெற்றிலையை நீட்டினார்கள். அப்பா இடது கையைத் தூக்கினார். வாங்கவா தள்ளவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தள்ளத்தான் என்று நம்புகிறேன். இடது கையில் வாங்கினால் செல்லாது, நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா என்று நான் சத்தம் போட்டேன். அது என் புத்தி கெட்ட வேலை. அத்தை அவருடைய செத்த வலது கையைத் தூக்கி, மடங்கின விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வெற்றிலையை உள்ளே வைத்துவிட்டாள். விட்டதும் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. "கை மாறிருச்சு. தை பொறக்கவும் முடிச்சுருவோம்," என்று எழுந்துவிட்டார் ஞானவேல்.

அப்பாவின் இடது கை வந்து அந்த விரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அவரால் பிரிக்க முடியவில்லை. எல்லோரும் வெளியே போனபிறகு வெந்நீர் ஒற்றி நான்தான் பிரித்தேன். வெற்றிலை கசங்கி நைந்து போயிருந்தது. அவர் அழுதார், நானும் அழுதேன்.

எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை, வயல் யாருக்கு என்று உன் அத்தைக்குக் கணக்குப் போடவா தெரியாது? வயல் போனால் போகிறது. என் பயம் சரண்யாவைப் பற்றியது. செல்வத்துக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண் அடுக்கத்துச் சரிவில் விறகு பொறுக்கப் போய் வழுக்கி விழுந்து செத்தாள் என்றார்கள். அவளைக் குளிப்பாட்டின பெண்களில் நானும் ஒருத்தி. வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? அன்றைக்கு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பிறகு மஞ்சளை அப்பிவிட்டோம்.

நீ படித்தவள், சட்டம் பேசுவாய். சரண்யாவும் வாயுள்ள பெண்தான். கொடைக்கானல் போய்ப் போலீசில் எழுதிக் கொடு என்பாய். அப்பாவை யாரிடம் விட்டுப் போவேன்? உன் அத்தை இங்கேயே தங்கிவிட்டாள். தம்பிக்கு மாத்திரை நானே கொடுக்கிறேன் என்று டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் பிடுங்கி வைப்பேன், மறுபடி எடுத்துக்கொள்வாள். இப்போது குளிக்கப் போயிருக்கிறாள், அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் கேரட் லாரியில் கொடைக்கானல் போகிறாள், அவள் தபாலில் சேர்ப்பாள்.

காலையில் மாட்டுக் கொட்டகைக்கு அப்பாவைக் கூட்டிப்போய் 'வேணாம்' என்ற சொல்லைப் பழக்குகிறேன். நீ சொன்னபடி இடது கையால் தொடையில் தாளம் போடவைத்து, பஜனை மெட்டிலேயே இழுத்துப் பாடுகிறேன். கூடவே பாடுகிறார். மெட்டை நிறுத்திவிட்டுச் சொல்லச் சொன்னால், உதடு கூடி 'வே' வரைக்கும் வருகிறது. அப்புறம் சரி என்று விழுந்துவிடுகிறது. நேற்று தன் வாயிலேயே அறைந்துகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டேன். இதைக் கேட்க நீ இங்கே இருந்திருந்தால் என்று நினைத்தேன், உடனே அந்த நினைப்பே எனக்குப் பகீரென்றது.

நேற்றுச் சாயங்காலம் செல்வம் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் என் போன். அப்பா வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாமா, தேவசேனாவை வரச் சொல்லவா?" என்று கேட்டான். சரி என்றார். அவளைப் பார்க்க ஆசையா என்றான். அதற்கும் சரி. நான் கதவோரம் நிற்பதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, தங்கச்சி ஆஸ்பத்திரிப் பாடத்துக்குக் குரல் பதிவு கேட்டிருக்கு அத்தை என்றான். கட்டிக்கொள்ளப் போகிறவளைத் தங்கச்சி என்கிறான் பார், பொய் சொல்லும்போது அவனுக்கு முறைகூட மறந்துபோகிறது.

ஆகவே கவனமாகக் கேள். என் நம்பரிலிருந்து வரும் எதுவும் நான் அனுப்பியது அல்ல. அப்பாவுக்கு முடியவில்லை, மூச்சு இழுக்கிறது என்று சொல்வார்கள். ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம், அந்த மாத்திரை டப்பாவை நினைத்தால் எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போதும் நீ அங்கேயே இரு. உன் ஆராய்ச்சி மேடத்திடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர்கள் மூலமாகக் கொடைக்கானல் போலீசை இங்கே அனுப்ப முடிந்தால் அனுப்பு. நீ மட்டும் அவர்களோடு வராதே. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் சரிவுப் பக்கம் தனியாகப் போவதில்லை.

பழனி ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வேண்டுவது அது ஒன்றுதான். அப்பா சொல்ல முடியாததால் அவருக்கும் சேர்த்து நான் எழுதுகிறேன்.

கடைசியில் அவர் கையிலேயே போனைக் கொடுப்பார்கள். அவர் குரலைக் கேட்டால் உன்னால் தாங்க முடியாது. அப்பா, நான் கிளம்பி வரட்டுமா என்று கேட்பாய். கேட்காமல் இருக்க உன்னால் முடியாது. அவர் சரி என்பார்.

வராதே, என் கண்ணே.

உன் அம்மா,
அழகம்மாள்.