சாம்பிள் என்று எழுதிய பெட்டி

அக்டோபர் 6, 2025

இன்று ஏலக்காய் ஏலத்துக்கு நான் போகவில்லை. வீட்டுக்காரருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஜூனில் போடிமெட்டில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது பாதத்தில் கல் குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் இன்னும் குழியாகவே இருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் காலையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்துவிடலாமாம், களை பிடுங்குவது போல.

அக்டோபர் 9

நம்மூர் டாக்டர் சூர்யகலா ஒரு வழி சொன்னார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். என் வீட்டுக்காரர் தொடையிலிருந்து தபால்தலை அளவு தோலை எடுத்து, செல்களைப் பிரித்து, தீனி கொடுத்துப் பெருக்குவார்களாம். கூழ் போன்ற ஒன்றில் கலந்து பிரிண்டர் மாதிரி ஒரு மிஷினில் ஏற்றினால், புண்ணின் அளவுக்கு இழை இழையாக, அடுக்கடுக்காகப் பிழிந்து வைக்குமாம். முறுக்கு பிழிகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கீழே ஒரு வகைச் செல், மேலே வேறொரு வகை. இளஞ்சூட்டில் சில நாள் வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தோலாகும். பிறகு புண்மேல் வைப்பார்கள். சொந்தச் செல் என்பதால் உடம்பு தள்ளாது.

"கிட்னி, இதயமெல்லாம் இப்படிச் செய்ய இன்னும் ரொம்பக் காலம் ஆகும். தோல் கொஞ்சம் சுலபம். ஆனா இதுவும் சோதனைதான், உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

இவருக்குச் சிரிப்பு. "என்னைய ஜெராக்ஸ் எடுக்கப் போறாக பாக்கியம். நகல்லயாவது சர்க்கரை இல்லாமப் பாத்துக்கச் சொல்லு."

கால் தப்பிவிடும் என்று முதல்முறையாக நம்பினேன்.

அக்டோபர் 14

காலையில் தோல் எடுத்தாயிற்று. ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஒட்டினார்கள். சென்னை ஆய்வுக்கூடத்து ஆள் எங்கள் ஏலக்காய்க் கடைக்கே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மேஜையில் வைத்துவிட்டு இவருக்குச் சோறு போட வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போனால், கடைவேலை பார்க்கும் மொக்கச்சாமி பெட்டியைப் பிரித்திருக்கிறான். மேலே சாம்பிள் என்று எழுதியிருந்ததாம். எங்கள் கடையில் சாம்பிள் வந்தால் பிரி, தட்டில் கொட்டு, நிறம் பார், மோந்து பார். அவ்வளவுதான்.

"ஏதோ எசன்ஸ் கம்பெனிக்காரன் அனுப்புனதுன்னு நெனச்சேன்க்கா. மூடியத் தொறந்து மோந்து பாத்தேன், வாடையே இல்ல. ஒடனே மூடிட்டேன்."

சென்னையிலிருந்து வந்த ஆள் பெட்டியைத் தொடவே இல்லை. கிருமி புகுந்திருந்தால் செல் அத்தனையும் வீணாம்.

பாவி. பாவிப்பய. போடியில் எந்தக் கடையில் வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், தெரிகிறது. ஆனாலும் அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15

மொக்கச்சாமி வரவில்லை.

அக்டோபர் 22

மறுபடி தோல் எடுத்தார்கள். இந்த முறை ஆள் வரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 3

காய்ச்சல். பாதம் கறுத்திருக்கிறது. செல்கள் நன்றாக வளர்கின்றனவாம், இரண்டு வாரம் பொறுக்கணுமாம். அங்கே பொறுக்கும். இங்கே? முதலில் எடுத்தது ஒழுங்காகச் சென்னை போய்ச் சேர்ந்திருந்தால் எட்டு நாள் முன்னாலேயே — வேண்டாம், அதை நினைத்தால் பைத்தியம் பிடிக்கும்.

நவம்பர் 6. மதுரை

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். இல்லாத பாதம் அரிக்கிறது என்கிறார். எங்கே சொறிவேன்?

சாயந்தரம் மொக்கச்சாமி வந்து வாசலிலேயே நின்றான். இவர்தான் கூப்பிட்டார். "உள்ள வாடா. கடைச் சோலி அப்படியே கெடக்கு. நாளைக்கு வெரசா வந்துரு." அவன் அழுதான். நான் காப்பி மட்டும் கொடுத்தேன்.

நவம்பர் 19

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"செல் ரொம்ப நல்லா வளர்ந்திருக்கும்மா. அடுத்த வாரம் பிரிண்ட் பண்ணிடலாம். சாரை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

நடந்த அமளியில் அவர்களுக்குச் சொல்லவே மறந்திருக்கிறேன். சொன்னேன்.  வெட்டின இடத்துக்காவது ஆகுமா என்று கேட்டேன். தையல் ஆறி வருவதால் தேவைப்படாது என்றாள். வேறு யாருக்காவது உதவுமா என்றேன்.

"மத்தவங்க உடம்பு ஏத்துக்காதும்மா. நீங்க சரின்னு சொன்னா அழிச்சிடுவோம்."

"இப்ப அது உசுரோட இருக்கா?"

"இருக்கும்மா. காலைலகூடத் தீனி மாத்தினேன்."

பக்கத்து அறையில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. 

"இன்னும் கொஞ்ச நாளைக்குத் தீனி போடு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.