நாலரை ஸ்டார்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலிருந்து பாராட்டு படித்தே கண் எரிகிறது. எங்கள் கம்பெனி லேப்டாப்போடு சேர்ந்தே வரும் அப்டேட் செயலியைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதுவதைப் படிப்பதுதான் என் வேலை. புது அப்டேட் முதலில் கொஞ்சம் பேருக்குப் போயிருக்கிறது. நாலரை ஸ்டார். "சூப்பர்", "நல்ல வேகம்", ஒருவர் வெறும் கும்பிடு. பதினாறாம் தேதி எல்லா லேப்டாப்புக்கும் போய்விடும், எனக்கும் சீனியர் பதவி வரும் என்கிறான் டீம் லீட் ஷ்ரேயாஸ். வரட்டும், ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

ஹெல்ப்லைனிலிருந்து எனக்கு மாற்றிவிட்ட ஒரு போன். ஜீவனஹள்ளியில் கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் சில்வெஸ்டர். "மேடம், அப்டேட் போட்டதுல இருந்து 'சற்றுப் பொறுக்கவும்'னே நிக்குது. நானும் பொறுத்துக்கினே இருக்கேன். சர்ச்சுல பசங்க புதுநன்மை வாங்கற விழாவுக்கு அடிக்கவேண்டிய கார்டெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு."

"செயலியிலேயே எழுதியிருக்கலாமே சார்" என்றேன், வழக்கம்போல.

"தொறந்தாதானே மேடம் எழுதறதுக்கு?"

ஏப்ரல் 10

பார்த்துவிட்டேன். அப்டேட் முழுதாக முடிந்தால்தான் கருத்துப் பெட்டியே திறக்கிறது. பாதியில் நின்றவர்களுக்குப் பெட்டி கிடையாது. பாஸானவர்களிடம் மட்டும் பரீட்சை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறோம்!

ஷ்ரேயாஸிடம் காட்டினேன். "ஒரு போன் காலுக்காகவா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, டோரதி. ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." கொஞ்சம் அனுசரித்துப் போ என்று இவன் கன்னடத்தில் கெஞ்சினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருத்தருக்கும் தெரியாது.

ஏப்ரல் 12, சனி

சில்வெஸ்டர் கடைக்கே போனேன் — காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பென் டிரைவ் போட்டுப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். அவருடையது பழைய மாடல். அப்டேட்டுக்கு இடம் போதவில்லை. போதாது என்று சொல்லக்கூடத் தெரியாமல் செயலி நடுவில் நின்றிருக்கிறது. கார்டுகள் பத்திரம்.

அவர் மனைவி ஆஞ்சலா காபி கொடுத்துக்கொண்டே, "உங்க ஆபீசுல யாருக்கும் இப்படி ஆவலியா?" என்று கேட்டார். எங்களுக்கெல்லாம் புது மாடல்தான் தருகிறார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 15

ரிலீஸுக்கு முன் "கருத்துகள் சரிபார்க்கப்பட்டன" என்று நான் ஓகே கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. மேனேஜர் ஸ்ரீஹர்ஷாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஷ்ரேயாஸ் மேசைக்கே வந்து, "உன் ப்ரமோஷனுக்கு நீயே வேட்டு வெச்சுக்கிற" என்றான். நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? இருக்கிறதைத்தானே சொன்னேன்!

ஏப்ரல் 16

ரிலீஸ் நின்றது.

மே 5, திங்கள்

நின்றுபோன லேப்டாப்பை மறுபடி போட்டால் இப்போது முதலில் வருவது கருத்துப் பெட்டிதான். ஸ்டார் இரண்டுக்கு இறங்கிவிட்டது. ஸ்டார் விழுந்த டீமில் இந்த வருஷம் யாருக்கும் பதவி உயர்வு இல்லை என்று ஸ்ரீஹர்ஷா சொல்லிவிட்டார். "நீ செஞ்சது சரிதான்" என்றும் சொன்னார், கதவை மூடிக்கொண்டு. வருத்தமில்லை என்று எழுதினால் பொய். பாத்ரூமில் போய் அழுதேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் திரை முழுக்கத் திட்டு. ஹாசனிலிருந்து ஒரு டீச்சர், பீன்யாவிலிருந்து ஒரு பட்டறைக்காரர். ஓசூரிலிருந்து ஒருவர்: "மூணு வாரமா எழுத இடம் தேடறேன். அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று தட்டிவிட்டு, எந்த மாடல் என்று கேட்டேன்.